முக்கோணத்தில் ஒன்றுமில்லை

பொம்மிடி ரயில் நிலையத்துக்குப் பின்னால், ஓட்டு வீடுகளில் கடைசி வீட்டில் குடியிருந்த ஓய்வுபெற்ற டிராயிங் மாஸ்டர் மதலைமுத்து, இளவயதிலிருந்து முக்கோணத்தைத் தவிர வேறெதையும் வரைந்ததில்லை. பள்ளிக்கூடத்தில் சம்பளத்துக்காக மாம்பழமும் பூச்சாடியும் கரும்பலகையில் போட்டுக் காட்டியதைச் சேர்த்துச் சொன்னால் அவருக்குக் கோபம் வரும். அது பிழைப்பு. வீட்டுக்கு வந்து, கைகால் கழுவி, வேட்டி மாற்றிக்கொண்டு, ஹார்டுபோர்டு பலகையைச் சுவரில் சாய்த்துவிட்டு உட்கார்ந்தால் முக்கோணம்தான்.

ஒரு முக்கோணம் முடிந்ததும் அதன் ஒரு மூலையை மட்டும் கொஞ்சம் நகர்த்தி அடுத்ததைத் தொடங்குவார். நகர்த்தியதால் மற்ற இரண்டு மூலைகளும் என்ன பாடுபடுகின்றன, உள்ளே இருக்கும் நிறம் கனக்கிறதா லேசாகிறதா, சுற்றிலும் மிச்சமிருக்கும் வெற்றிடம் எந்தப் பக்கம் சாய்கிறது என்றெல்லாம் பார்த்து முடிக்கச் சில மாதங்கள் ஆகும். சமயத்தில் ஒரு வருஷமும் ஆகும். அவசரம் என்ன, முக்கோணம் எங்கே ஓடிப்போகிறது?

கல்யாணமான புதிதில் அவர் மனைவி மிக்கேலம்மாள், "இது என்னாங்க?" என்று கேட்டாள்.

"முக்கோணம்."

அதற்கு மேல் பேச அதில் விஷயமில்லை என்று அவள் விட்டுவிட்டாள். ஆனால் பலகைகள் பெருகப் பெருக அவளும் சும்மா இருக்கவில்லை. ஒன்று அரிசிப் பானைக்கு மூடியானது. ஒன்று குளிக்கிற இடத்துக்கு மறைப்பானது. கோழிக்கூண்டுக்குக் கதவாகப் போன ஒன்றைத் திருப்பி வாங்க மதலைமுத்து இரண்டு வேளை சாப்பிடாமல் இருக்க வேண்டியிருந்தது. மற்றவை கட்டிலுக்கு அடியிலும் பரண்மேலும் ஒன்றின் முகத்தில் ஒன்று அடித்தபடி அடைந்து கிடந்தன. பிள்ளைகள் ஆறு பேரும் ஓசூர், பெங்களூர் என்று வேலைக்குப் போன பிறகும் வீட்டில் இடம் கூடவில்லை. அவர்கள் விட்டுப்போன இடத்தில் முக்கோணங்கள் வந்து படுத்துக்கொண்டன.

மதலைமுத்துவுக்கு மனசுக்குள் ஒரு வேதனை இருந்தது. எங்கோ தப்பு நடந்துவிட்டது என்று அவருக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. முன்பெல்லாம் ஒரு முக்கோணம் முடியும்போது அடுத்ததைப் போட விரல் துறுதுறுக்கும். சில வருஷங்களாக அது இல்லை. எந்தப் படத்தில் வழி தவறினோம் என்று தெரிய வேண்டுமானால் எல்லாவற்றையும் வரிசையாக மாட்டி ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை நடந்து பார்க்க வேண்டும். அத்தனை நீளத்துக்குச் சுவர் அவர் வீட்டில் இல்லை. அந்தத் தெருவிலேயே இல்லை. தன் வாழ்நாள் வேலையை அவர் ஒரே சமயத்தில் மூன்று பலகைகளுக்கு மேல் பார்த்ததே கிடையாது.

எண்பத்தாறாம் வருஷம் கோடையில் ஜோலார்பேட்டையிலிருந்து வந்த பாசஞ்சர் வண்டி எஞ்சின் கோளாறாகிப் பொம்மிடியில் நின்றுவிட்டது. அதிலிருந்து இறங்கி டீ குடிக்க வந்த ஒருவர், ஸ்டேஷன் எதிரே கரீம் பாய் வைத்திருந்த படங்களுக்குச் சட்டம் போடும் கடைமுன் போய் அப்படியே நின்றார். வேளாங்கண்ணி மாதா படத்துக்கும் மக்கா படத்துக்கும் நடுவே, இடம் சும்மா கிடக்கிறதே என்று கரீம் மாட்டி வைத்திருந்த மதலைமுத்துவின் மஞ்சள் முக்கோணம் ஒன்று இருந்தது. வந்தவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, "இதைப் போட்டவர் உயிரோடு இருக்கிறாரா?" என்று கேட்டார்.

"காலையில இருந்தாருங்க," என்றார் கரீம்.

அவர் மாநில அரூபக் கலைப் பேரவையின் உறுப்பினர். அரூபக் கலையை வளர்ப்பதற்கென்று ஏற்படுத்தப்பட்ட அந்தப் பேரவைக்குச் சென்னையில் மாடிக் கட்டடம் இருந்தது, ஜீப் இருந்தது, ஜீப்பைக் கண்காணிக்க ஒரு துணைக்குழு இருந்தது. வளர்ப்பதற்கு ஓர் ஓவியர்தான் கிடைக்கவில்லை. ஒரு மாதத்தில் கடிதம் வந்துவிட்டது. மதலைமுத்துவை 'வாழ்நாள் அரூபக் கலைஞர்' என்று அறிவிக்கப் பேரவை கருதியிருக்கிறதாம். சென்னையில் பேரவையின் நீண்ட கூடத்தில் அவர் படைப்புகள் அனைத்தும் காட்சிக்கு வைக்கப்படுமாம்.

மதலைமுத்து 'வாழ்நாள்' என்பதையோ 'கலைஞர்' என்பதையோ பார்க்கவில்லை. "நீண்ட கூடம்னு போட்டிருக்காங்க மிக்கேலு," என்று விரலால் அந்த இடத்தைத் தொட்டுக் காட்டினார்.

கடிதத்தைத் தொடர்ந்து துணைச் செயலர் குப்புராஜ் வந்தார். கறுப்புத் தோல்பை, அளவு நாடா, பூதக்கண்ணாடி, மை தோய்த்த ரப்பர் முத்திரை இவற்றோடு வந்த அவர் சிரிக்காத மனிதர். ஒரு பச்சை முக்கோணத்தின்மேல் பூதக்கண்ணாடியை வைத்து வெகுநேரம் பார்த்தார்.

"அரூபம்னா உருவம் இல்லாததுங்க. சரிதானே?"

"சரிங்க."

"இதுல முக்கோணம்னு ஒரு உருவம் இருக்குதே?"

"அது உருவம் இல்லைங்களே. வடிவம்."

குப்புராஜ் பையிலிருந்து விதிப்புத்தகத்தை எடுத்துப் புரட்டினார். "வடிவம் இருக்கலாம், தடையில்லை. ஆனா அதைப் பார்த்தா வேற எதுவும் ஞாபகத்துக்கு வரக் கூடாது. அதுக்குப் பேர்தான் உருவமின்மை. உங்க படங்கள்ல ஒண்ணுமில்லைன்னு கிராம நிர்வாக அலுவலர்கிட்ட ஒரு சான்று வாங்கிடுங்க."

"அவருக்கும் ஓவியத்துக்கும் என்னாங்க சம்பந்தம்?"

"வருமானம் இல்லைன்னு அவர்தான் சான்று தர்றார். வேலை இல்லை, வாரிசு இல்லை, நிலம் இல்லை, எல்லாத்துக்கும் அவர்கிட்டதான் போறோம். இல்லாததுக்குச் சான்று தர்றதுல அவரைவிட அனுபவசாலி யார் இருக்கா?"

கிராம நிர்வாக அலுவலர் மாதையன் மரியாதை தெரிந்தவர். வீட்டுக்கே வந்து, மோர் வாங்கிக் குடித்துவிட்டு, பச்சை முக்கோணத்தைப் பார்த்தார். பார்த்ததுமே முகம் மாறிவிட்டது.

"சார், இது சேர்வராயன் மலைங்களே."

"மலை இல்லைங்க. முக்கோணம்."

"நான் தெனமும் காலையில எந்திரிச்சதும் பாக்கற மலைங்க. எனக்குத் தெரியாதா? பச்சையா, உச்சி கூரா. இது புறம்போக்குங்க சார். பெரிய மனுசர் நீங்க, உங்களுக்கு இல்லைன்னு சொல்லக் கஷ்டமா இருக்குது. ஆனா மலையை உங்க பேருக்கு எழுதித் தர எனக்கு அதிகாரமில்லை."

மதலைமுத்து பலகையைத் தலைகீழாகத் திருப்பினார். "இப்பப் பாருங்க."

மாதையன் தள்ளி நின்று பார்த்தார். கிட்டே வந்து பார்த்தார். "இப்ப கெணறுங்க. படியெறங்கிப் போவுது பாருங்க. கெணறுன்னா சர்வே நம்பர் வேணும். பக்கத்து நிலத்துக்காரங்க கையெழுத்தும் வேணும்."

அன்று முழுவதும் பேசி, சாயங்காலம் அவர் எழுதிக் கொடுத்தது இது: 'மேற்படி ஓவியங்களில் மலையோ கிணறோ இல்லை எனவும், இருந்தால் அவை அரசுக்குச் சொந்தம் எனவும் இதன்மூலம் சான்றளிக்கப்படுகிறது.'

குப்புராஜ் அதை வாசித்துவிட்டு 'இருந்தால்' என்ற சொல்லுக்குக் கீழே சிவப்பு மையில் கோடு போட்டார். அந்தச் சொல் ஐயத்துக்கு இடமளிக்கிறதாம். ஐயம் வந்துவிட்டால் பேரவை விசாரிக்க வேண்டுமாம்.

இதற்குள் ஊருக்குள் சேதி பரவிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பங்குச் சாமியார் வீட்டுக்கு வந்தார். தலைகீழாய் நின்ற ஒரு சிவப்பு முக்கோணத்தின்முன் கைகூப்பி, "மூன்று மூலை, ஒரே உருவம். மூவொரு இறைவனை இவ்வளவு எளிமையா யாரும் காட்டினதில்லை மதலைமுத்து," என்று கண்கலங்கினார். அதைக் கோயிலுக்குக் கொடுத்துவிடும்படி கேட்டார். மறுநாளே சுகாதார நிலையத்திலிருந்து செவிலி சகாயமேரி வந்தாள். அவளுக்கும் அதே சிவப்பு முக்கோணம்தான் வேண்டியிருந்தது. குடும்பக் கட்டுப்பாட்டு முகாம் நடத்தப் போகிறார்களாம். அதற்கு அரசாங்கச் சின்னமே தலைகீழ்ச் சிவப்பு முக்கோணம்தான். முகப்பில் வைக்க இதைவிடப் பெரிய சிவப்பு முக்கோணம் மாவட்டத்திலேயே இல்லையாம்.

"இந்த வூட்டுல ஆறு பேரைப் பெத்து வளத்திருக்கேன். என் வூட்டுப் பலகையத்தான் முகாமுக்கு வெக்கணுமா?" என்றாள் மிக்கேலம்மாள்.

"அதனாலதாங்க ஜனங்க நம்புவாங்க," என்றாள் சகாயமேரி.

சாமியாருக்கு இது தெரிந்து, மூவொரு இறைவனை முகாமுக்குக் கொண்டுபோகக் கூடாது என்று பேரவைக்கு மனு எழுதினார். அரசுச் சின்னத்தைப் பூசைக்கு வைக்கக் கூடாது என்று சுகாதார நிலையத்திலிருந்தும் ஒரு மனு போயிற்று. இரண்டு மனுக்களையும் வைத்துக்கொண்டு குப்புராஜ் மறுபடியும் ரயிலேறி வந்தார்.

"நிலைமை மோசமாயிடுச்சுங்க. ஒரே படத்துல ரெண்டு பேர் ரெண்டு உருவத்தைப் பார்த்திருக்காங்க. பொது விசாரணை வைக்கணும். தலைவரே நேர்ல வர்றார். படங்களை எல்லாம் பொது இடத்துல வரிசையா மாட்டி, பொதுமக்களை நடக்கவிட்டு, ஒவ்வொருத்தரையா கேட்போம். எவருக்கும் எதுவும் தெரியலைன்னா நீங்க அரூபக் கலைஞர்."

"எல்லாத்தையும் வரிசையாவா?" மதலைமுத்துவின் காதில் அது ஒன்றுதான் விழுந்தது.

"ஆமா. சந்தை மதிலோரமா."

சந்தை மதில்! பொம்மிடியிலேயே நீளமான சுவர். இது ஏன் இத்தனை வருஷம் தனக்குத் தோன்றவில்லை என்று மதலைமுத்து நெற்றியில் அறைந்துகொண்டார். ஆனால் ஒரு விசாரணை என்று வந்தால்தானே சந்தை மதிலை விடுவார்கள்? வாத்தியார் முக்கோணம் பார்க்க வேண்டும் என்றால் வெங்காய மூட்டையை யார் நகர்த்துவார்?

அடுத்த வாரம் முழுக்க மதலைமுத்துவும் கரீமும் கடைகடையாக ஏறி இறங்கினார்கள். வேண்டுகோள் ஒன்றே ஒன்றுதான்: விசாரணை அன்றைக்கு யாருக்கும் எதுவும் தெரியக் கூடாது.

"ஏங்க," என்றாள் மிக்கேலம்மாள், "கட்டிக்கிட்ட நாள்லயிருந்து ஒண்ணும் தெரியலன்னு நான் சொன்னேன். அப்பல்லாம் மொகத்தத் தூக்கி வெச்சிக்கிட்டீங்க. இப்ப ஊரையே ஒண்ணும் தெரியலன்னு சொல்லச் சொல்லிக் கெஞ்சறீங்க."

மதலைமுத்து உற்சாகமில்லாமல் அடுத்த கடைக்குக் கிளம்பினார். கரீமுக்கு மட்டும் உற்சாகம் குறையவில்லை. ஒவ்வொரு கடைக்காரரையும் தனியாக அழைத்துப் பழக்கினார். "கூர்ந்து பாக்கக் கூடாது. பொண்ணு பாக்கப் போன வூட்டுல மாமனாரப் பாக்கற மாதிரி பாருங்க. கண்ணு அங்க இருக்கணும், நெனப்பு அங்க இருக்கக் கூடாது."

விசாரணை நாளன்று சந்தை மதிலோரம் பந்தல் போட்டிருந்தார்கள். படங்களின் முதுகில் மதலைமுத்து சாக்கட்டியால் வரிசை எண் போட்டு வைத்திருந்தார். அதன்படி கரீம் ஆணி அடித்து மாட்டினார். மதலைமுத்துவை அங்கே நிற்க விடவில்லை. பேரவையின் ஜீப்புக்குள், திரையை இழுத்துவிட்டு உட்காரவைத்தார்கள். ஆணி அடிக்கும் சத்தம் மதிலின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குப் போய்க்கொண்டிருந்ததைக் கேட்டபடி அவர் வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தார். கடைசி ஆணியும் இறங்கியதும் இறங்கப் போனார். குப்புராஜ் கதவைப் பிடித்துக்கொண்டார்.

"மேடையில உட்காரலாம். ஆனா படங்களுக்கு முதுகு காட்டித்தான் உட்காரணும். விதி."

"நான் போட்ட படத்தை நான் பாக்கக் கூடாதுங்களா?"

"நீங்க திரும்பினா முகம் மாறும். அந்த முகத்தைப் பார்த்து ஜனங்க பதில் சொல்லுவாங்க. சாட்சியைக் கலைச்சதா ஆயிடும். திரும்பினா விண்ணப்பம் தள்ளுபடி." பிறகு கொஞ்சம் இளகி, "கொஞ்ச நேரம்தானுங்களே. சென்னையில ஆற அமரப் பார்த்துக்கலாம்," என்றார்.

கழுத்தில் சாமந்தி மாலையைப் போட்டு, தலையைக் குனியச் சொல்லி, கையைப் பிடித்து மேடைக்கு அழைத்துப் போனார்கள். எதிரே ஊர் முழுக்க உட்கார்ந்திருந்தது. அத்தனை பேரின் கண்ணும் அவர் தலைக்கு மேலே போயிற்று. தன் ஆயுசு முழுவதும் தனக்குப் பின்னால் ஆணியில் தொங்குகிறது, தான் ஒருவன் மட்டும் அதைப் பார்க்கவில்லை என்று நினைத்ததும் அவருக்குப் பிடரி குறுகுறுத்தது.

பேரவைத் தலைவர் பேச எழுந்தார். கனத்த சரீரம், இனிமையான குரல்.

"பெரியோர்களே, தாய்மார்களே! நான் இந்தப் பொறுப்புக்கு வருவதற்குமுன் கோழித் தீவன வாரியத்தின் தலைவராக இருந்தேன். அங்கே என் காலத்தில் ஒரு கோழியைக்கூட நான் பார்த்ததில்லை. பார்த்திருந்தால் இந்தக் கோழி, அந்தக் கோழி என்று மனம் சாய்ந்திருக்கும். அதே நேர்மையோடுதான் இங்கேயும் இருக்கிறேன். இன்றுவரை ஓர் ஓவியத்தையும் நான் பார்த்ததில்லை. எனக்குப் பின்னால் இருப்பவற்றையும் பார்க்கப் போவதில்லை." கைதட்டல் எழுந்தது. "அரூபம் என்றால் என்ன? இல்லாமை. கலையில் இல்லாமையைக் கொண்டுவர இந்த ஓவியர் ஒரு வாழ்நாள் பாடுபட்டிருக்கிறார். எங்கள் பேரவை அதை ஆறே ஆண்டுகளில் சாதித்திருக்கிறது."

சாட்சிகள் ஒவ்வொருவராக மேடைக்குப் பின்னால் போய், மதிலோரம் நடந்து, மறுபக்கமாக வந்து ஒலிபெருக்கிமுன் நின்றார்கள். மாரண்டஹள்ளியிலிருந்து தக்காளி கொண்டுவந்த வியாபாரி, "ஒண்ணும் தெரியலீங்க," என்று ஒப்பித்துவிட்டுக் கரீமைப் பார்த்துக் கண்ணடித்தார். கீரைக்காரி சென்னம்மாள், "எனக்குச் செவுரே தெரியலீங்க சாமி, கண்ணுல பொறை," என்றாள். தலைவர் எழுந்து நின்று, சாட்சி என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று பாராட்டினார்.

மூன்றாவதாக வந்த சைக்கிள் கடை சர்தார்தான் தடுமாறினான். நல்ல பையன், பொய் சொல்லிப் பழக்கமில்லை.

"ஒண்ணும் தெரியலீங்க… ஆனா பசிக்குதுங்க."

கூட்டத்தில் கசமுசா எழுந்தது. குப்புராஜ் பேனாவைத் திறந்தார். "எந்தப் படத்தைப் பார்த்ததும் பசிச்சது?"

"அந்தப் பழுப்பு நெறம்… மொறுமொறுன்னு…" சர்தார் நாக்கைக் கடித்துக்கொண்டான். "காலையில சாப்பிடலீங்க."

பசி உருவமா இல்லையா என்று மேடையில் ஆலோசனை நடந்தது. தலைவர் விதிப்புத்தகத்தை வாங்கிப் பார்த்தார். கோழித் தீவன வாரியத்தில் பசி ஒரு பெரிய விஷயமாக இருந்தது என்றும், ஆனால் அதன் உருவத்தை யாரும் கோப்பில் வைத்ததில்லை என்றும் சொன்னார். பசி அரூபம் என்று முடிவாகி, அது குறித்துக்கொள்ளப்பட்டது. சர்தாருக்கு ஒரு வாழைப்பழம் கொடுத்து அனுப்பினார்கள்.

இதெல்லாம் மதலைமுத்துவின் கவனத்தில் பாதிதான் பட்டது. அவர் காதைத் தீட்டிக்கொண்டு பின்னால் நடக்கும் காலடிகளைக் கேட்டுக்கொண்டிருந்தார். முதலில் சாதாரணமாகத்தான் கேட்டார். பிறகு ஒரு விஷயம் பிடிபட்டது. ஒவ்வொரு சாட்சியும் சீராக நடந்து வருகிறான். பாதிக்குக் கொஞ்சம் முன்னால், சென்னம்மாளைத் தவிர எல்லோரும் ஒரே இடத்தில் நிற்கிறார்கள். தக்காளிக்காரரும் நின்றார். சர்தாரும் நின்றான். இப்போது போகிற பெட்டிக்கடைக்காரரும் நிற்கிறார். சற்று நேரம் சத்தமே இல்லை. பிறகுதான் செருப்பு நகருகிறது. அப்புறம் கடைசிவரை விடுவிடுவென்று போய்விடுகிறார்கள், எங்கேயும் நிற்பதில்லை.

அங்கே என்ன இருக்கிறது? அவர் மனசுக்குள் எண்ணிப் பார்த்தார். வெள்ளையா? ஊதாவா? கண்ணை மூடிப் பார்த்தாலும் படங்கள் கட்டிலுக்கடியில் கிடந்த மாதிரியே ஒன்றின்மேல் ஒன்றாக வந்தன. வரிசை வரவில்லை.

மெல்லக் குப்புராஜின் பக்கம் சாய்ந்தார். "சென்னையில எல்லாத்தையும் இதே மாதிரி வரிசையா மாட்டுவீங்கல்ல?"

குப்புராஜ் கோப்பிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார். "எல்லாம் எதுக்குங்க? படங்கள்ல ஒண்ணுமில்லைன்னு சான்று ஆயிட்டா எல்லாம் சமம்தானே? ஒண்ணை மாட்டினா போதும். மீதியை அரக்கு வைச்சுப் பெட்டியில பாதுகாப்போம்."

"எத்தன நாளைக்கு?"

"நிரந்தரமா. இப்பவே இங்கயே பெட்டி தயார்."

மதலைமுத்து எதிரே பார்த்தார். பந்தலுக்கு வெளியே ஜீப்புக்குப் பக்கத்தில் மரப்பெட்டிகள் வாயைத் திறந்துகொண்டு வரிசையாக நின்றன. முன்வரிசையில் மிக்கேலம்மாள் கூட்டத்தில் மற்றவர்களைப் போல உட்கார்ந்திருந்தாள். அவள் அவரைப் பார்க்கவில்லை. அவளும் அவர் தலைக்கு மேலே, அந்தப் பாதிக்கு முன்னால் இருக்கும் இடத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கழுத்தைச் சாய்த்து, ஏதோ ஒன்று சட்டென்று எங்கே போயிற்று என்று தேடுகிறவள் மாதிரி.

தலைவர் முடிவை அறிவிக்க எழுந்துவிட்டார். "ஆகவே, இந்த ஊரில் ஒருவருக்குக்கூட ஒன்றும் தெரியவில்லை என்பது ஐயமின்றி நிரூபிக்கப்பட்டிருக்கிறது. பேரவையின் வரலாற்றில்…"

மதலைமுத்து நாற்காலியை விட்டு எழுந்தார். மாலையைக் கழற்றி இருக்கையில் வைத்தார். திரும்பினார்.

"ஐயா! விதி! விதிங்க!" என்று குப்புராஜ் அவர் சட்டையைப் பிடித்தார். பட்டன் ஒன்று தெறித்தது. மதலைமுத்து மேடையின் பின்பக்கமாக இறங்கி, மதிலின் முதல் கோடிக்குப் போய், அங்கிருந்து நடக்கத் தொடங்கினார்.

கைக்கு எட்டுகிற தூரத்தில் ஒவ்வொன்றாக வந்தன. அவர் வாலிபத்தில் போட்ட கறுப்பு முக்கோணம், பூமியில் அழுத்தி உட்கார்ந்திருந்தது. அடுத்ததில் அதன் உச்சி இடப்பக்கம் ஒரு விரல்கடை நகர்ந்தது. அடுத்ததில் இன்னும் கொஞ்சம். மூத்தவள் பிறந்த வருஷத்துப் பச்சை. அம்மை கண்டு படுத்தெழுந்து போட்ட வெள்ளை. உச்சி ஏறிக்கொண்டே போயிற்று. நடக்க நடக்க அது எழுந்து ஓடத் தயாராவது போல இருந்தது. அவருக்கும் நடை வேகமாயிற்று. அப்புறம் நீலம் வந்தது.

அங்கே அவர் காலும் நின்றது.

நீல முக்கோணத்தின் உச்சி பலகையில் இல்லை. ஏறிக்கொண்டே போன மூலை, பலகையின் விளிம்பைத் தாண்டி வெளியே போய்விட்டிருந்தது. இரண்டு கோடுகளும் விளிம்பில் வெட்டுப்பட்டு நின்றன. ஆனால் கண் நிற்கவில்லை. அது மதிலில் ஏறி, மதிலைத் தாண்டி, புளியமரத்துக் கிளைக்குள் எங்கோ அந்த மூலையைத் தேடிக்கொண்டு போயிற்று. இத்தனை பேரும் இங்கே நின்று தேடியது அதைத்தான்.

அடுத்த பலகையைப் பார்த்தார். மூலை பழையபடி உள்ளே வந்துவிட்டிருந்தது, அடக்கமாக, விளிம்புக்குப் படாமல். அதற்கடுத்ததும் அப்படியே. கடைசிவரை அப்படியே. அன்றைக்குப் பயந்துபோய், பலகை போதவில்லை, தவறிவிட்டது என்று நினைத்து, அதைப் பிடித்திழுத்து உள்ளே போட்டது அவருக்கு இப்போதுதான் ஞாபகம் வந்தது.

மேடையில் ஒலிபெருக்கி, ஓவியர் திரும்பியதால் விண்ணப்பம் தள்ளுபடி செய்யப்படுவதையும், அதனால் படங்களில் ஏதோ இருப்பதாகக் கருதப்படும் என்பதையும் அறிவித்துக்கொண்டிருந்தது.

"மிக்கேலு!" என்று மதலைமுத்து கூவினார். "மிக்கேலு, இங்க வா! கெடச்சிடுச்சு!"

அவள் முந்தானையைச் செருகிக்கொண்டு ஓடிவந்தாள். "என்னாங்க? என்ன கெடச்சது?"

"தப்பு! இங்கதான் தப்புப் பண்ணியிருக்கேன். இந்த நீலத்துக்கு அப்பறம் எல்லாமே தப்பு."

மிக்கேலம்மாள் நீலத்துக்கு அந்தப் பக்கம் மதில் நெடுகத் தொங்கிய பலகைகளைப் பார்த்தாள். "அத்தனையுமா?"

"அத்தனையும்!" அவர் முகம் கல்யாண மாப்பிள்ளை முகம் மாதிரி இருந்தது. "மூலையை விட்டிருக்கணும் மிக்கேலு. அது போற வழியில போவட்டும்னு விட்டிருக்கணும்."

"நான் அப்பவே கேக்கணும்னு இருந்தேன்," என்றாள் அவள் நீலத்தைப் பார்த்தபடி. "மேல எங்க போச்சுன்னு. கேட்டா மறுபடியும் முக்கோணம்னுதான் சொல்லுவீங்கன்னு விட்டுட்டேன்."

தலைவரின் கார் புழுதி கிளப்பிக்கொண்டு போயிற்று. காலிப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு ஜீப்பும் அதன் பின்னாலேயே போயிற்று. நீலம் வரைக்கும் இருந்த படங்களை மட்டும் கரீம் கழற்றி வண்டியில் வைத்தார். மீதியை யாருக்கு வேண்டுமோ எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார் மதலைமுத்து. சிவப்பு முக்கோணம் மட்டும் பிரச்சினையானது. சாமியாரின் ஆளும் சகாயமேரியும் ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். மிக்கேலம்மாள்தான் குறுக்கே புகுந்து, ஞாயிறு அன்று கோயிலில் நேராகவும் முகாம் நாட்களில் தலைகீழாகவும் வைத்துக்கொள்ளும்படி தீர்த்துவைத்தாள்.

சாயங்காலம் மதலைமுத்து நீலப் பலகையை வீட்டுச் சுவரில் அறைந்து, அது விட்ட இடத்திலிருந்து கோட்டைச் சுவரின்மேலேயே இழுக்கத் தொடங்கியிருந்தபோது, வாசலில் யாரோ செருமினார்கள். குப்புராஜ். ஜீப் அவரை விட்டுவிட்டுப் போய்விட்டது போலும். கையில் அந்தத் தோல்பையோடு, மதில் பக்கமிருந்து எடுத்துவந்த ஒரு ஆரஞ்சு முக்கோணத்தை இடுக்கிக்கொண்டு நின்றார்.

"இதை நான் எடுத்துக்கலாங்களா?"

"தாராளமா எடுத்துக்கங்க. ஆனா அதுல ஒண்ணுமில்லீங்களே? நீங்கதான கோப்புல எழுதினீங்க."

குப்புராஜ் தரையைப் பார்த்தார். "அது ஆபீசுல எழுதினதுங்க."

அவரை ரயிலேற்றிவிட மதலைமுத்துவும் கரீமும் கூடப் போனார்கள். பலகை பெரியது, பெட்டிக்குள் போகாது, பார்சலில்தான் போட வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். பார்சல் குமாஸ்தா மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துக் கேட்டார்.

"என்ன பொருள்?"

"படம்," என்றார் குப்புராஜ்.

"என்ன படம்? போட்டாகணும் சார். சும்மா படம்னு எழுதினா மேல ஒத்துக்க மாட்டாங்க."

குப்புராஜ் மதலைமுத்துவைத் திரும்பிப் பார்த்தார். மதலைமுத்து சிக்னல் கம்பத்தின் உச்சிக்கு மேலே, ஆகாயத்தில் எதையோ அளந்துகொண்டிருந்தார். குப்புராஜ் குரலைத் தாழ்த்திக்கொண்டு, அந்த முகத்தில் அதுவரை யாரும் பார்த்திராத ஒரு வெட்கத்தோடு, குமாஸ்தாவின் பக்கம் குனிந்தார்.

"எங்க ஊர்த் தேருங்க. சாயங்கால வெயில்ல நெலைக்கு வந்து நிக்குது."

குமாஸ்தா பலகையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"தேருதான்," என்று சொல்லிவிட்டு, அப்படியே எழுதிக்கொண்டார்.